ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பிட்சர்

1916-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் காலின்ஸ்-மெக்கார்த்தி என்றொரு மிட்டாய் நிறுவனம் இருந்தது. 'ஸீ-நட்' என்ற பெயரில் அது விற்ற தின்பண்டப் பொட்டலங்களுக்குள், பசிபிக் கோஸ்ட் லீகில் ஆடிய பேஸ்பால் வீரர்களின் புகைப்பட அட்டைகள் இருக்கும். அட்டையின் அடிப்பகுதியில் ஒரு கூப்பன் உண்டு. அதைக் கிழித்துச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு கிடைக்கும் என்பதால், பெரும்பாலான பிள்ளைகள் கூப்பனைக் கிழித்துக்கொண்டார்கள். மேல்பாதியிலிருந்த படத்தைச் சிலர் வைத்துக்கொண்டார்கள், பலர் தொலைத்துவிட்டார்கள். அந்த ஆண்டின் அட்டைகளில் ஒன்றில், ஓக்லாந்து அணியின் சீருடையில், பந்து வீசும் தோரணையில் ஓர் இளைஞர் நிற்கிறார். அவர் பெயர் கிளாக்ஸ்டன். அமெரிக்க பேஸ்பால் அட்டையொன்றில் இடம்பெற்ற முதல் கறுப்பின வீரர் என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அந்தப் படத்தை எடுத்தவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் படமே எடுத்திருக்க மாட்டார்.

ஜிம்மி கிளாக்ஸ்டனைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நெடுநாளாக நினைத்திருந்தேன். எழுதத் தயங்கியதற்குக் காரணம், அவருடைய ஆட்டக் கணக்கு மிகச் சிறியதாக இருந்ததுதான். வெள்ளையர் நடத்திய தொழில்முறை பேஸ்பாலில் அவர் ஆடியது ஒரே ஒரு நாள். 1916 மே 28, ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து அவர் வீசியது இரண்டு இன்னிங்ஸும் மூன்றில் ஒரு பங்கும். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று பேர் ஆட்டமிழக்க வேண்டும் என்பதால், அவர் வீசியபோது ஆட்டமிழந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். ஆறு நாள்கள் கழித்து, ஜூன் 3-ஆம் தேதி, அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஏழு பேரை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்க்கையை எப்படிச் சொல்வது என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆனால் அந்த ஏழு பேருக்கு முன்னும் பின்னும் இருந்த எழுபத்தேழு ஆண்டுகளைப் படிக்கப் படிக்க, தயக்கம் போய்விட்டது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு பிட்சரின் இடம் சற்றுப் பழகாதது. நம் பந்துவீச்சாளர் ஆறு பந்து வீசியதும் ஓய்வெடுக்கப் போய்விடுவார். மறுமுனையிலிருந்து இன்னொருவர் வீசுவார். பேஸ்பாலில் அப்படி இல்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், மேலாளர் வந்து மாற்றும்வரை, தம் அணிக்காக ஒவ்வொரு பந்தையும் தாமே வீசுகிறார். ஓடி வருவதற்கும் இடமில்லை. சிறு மேட்டின் மேல் நின்ற இடத்திலிருந்து, அறுபதடி ஆறங்குலத் தொலைவில் நிற்கும் மட்டையாளரை நோக்கி, தோளையும் இடுப்பையும் முறுக்கி வீச வேண்டும். மைதானத்தில் இருக்கும் எல்லாக் கண்களும் அந்த மேட்டின் மேல்தான் இருக்கும். ஒளிந்துகொள்ளவே முடியாத இடம் அது. தம் குடும்பத்தைப் பற்றிய ஓர் உண்மையை மறைத்துக்கொண்டு கிளாக்ஸ்டன் ஏறி நின்ற இடமும் அதுதான்.

அவர் 1892 டிசம்பர் 14 அன்று கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வான்கூவர் தீவில் இருந்த வெலிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். இன்று அது நனைமோ நகரத்தின் ஒரு பகுதி. டன்ஸ்முயர் குடும்பத்தின் சுரங்கங்கள்தாம் அன்று அந்த ஊரின் உயிர்நாடி. அவர் பிறப்பதற்குச் சற்று முன்னர், 1890-லும் 1891-லும், அங்கே ஒரு நீண்ட வேலைநிறுத்தம் நடந்து தொழிலாளர்களின் தோல்வியில் முடிந்திருந்தது. கிளாக்ஸ்டனின் தந்தை ஒரு சுரங்கத் தொழிலாளி. வர்ஜீனியா மாநிலத்தின் லின்ச்பர்க்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர். தாய் இல்லினாய் மாநிலத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண். தந்தை வழியில் ஆப்பிரிக்க, பிரெஞ்சு, பழங்குடிக் குருதியும், தாய் வழியில் ஐரிஷ், ஆங்கிலேயக் குருதியும் தமக்கு உண்டு என்று கிளாக்ஸ்டன் பின்னாளில் சொன்னார்.

அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் எல்லையைக் கடந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள டக்கோமாவுக்குக் குடிபெயர்ந்தது. பெற்றோருக்கு அது ஒரு வகையில் தாய்நாடு திரும்புதல். பிள்ளைக்கோ பிறந்த மண்ணை விட்டு வருதல். அவர்கள் வாஷிங்டனுக்கு வந்ததில் ஒரு நன்மை இருந்தது. கறுப்பர் ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் மணம் செய்துகொள்வதைத் தடுத்த சட்டத்தை அந்தப் பகுதி 1868-லேயே நீக்கியிருந்தது. அண்டை மாநிலமான ஓரிகனிலும், அதற்கும் தெற்கே கலிபோர்னியாவிலும் அத்தகைய சட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தன; கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அதை 1948-ல்தான் செல்லாது என்றது. கிளாக்ஸ்டன் பின்னாளில் பிட்சராக மேடேறிய கலிபோர்னியாவில், அவருடைய தாயும் தந்தையும் திருமணம் செய்துகொண்டிருக்கவே முடியாது. இதற்காக டக்கோமாவை ஒரு புகலிடமாக எண்ணிவிடவும் கூடாது. 1885 நவம்பரில் அந்நகரத்தார் தங்கள் ஊரிலிருந்த சீனர்கள் அனைவரையும் கூட்டமாக விரட்டியடித்திருந்தார்கள். கிளாக்ஸ்டன் குடும்பம் வந்து சேர்ந்தபோது அது நடந்து ஏழெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

பேஸ்பால் அவருக்குக் கிடைத்ததும் ஒரு நிலக்கரி ஊரில்தான். கேஸ்கேட் மலைகளுக்குக் கிழக்கே உள்ள ரோஸ்லினில் 1888-ல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதை முறியடிப்பதற்காக நிறுவனம் கிழக்கிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களை ரயிலில் கொண்டுவந்து இறக்கியது. என்ன நோக்கத்துக்காக அழைத்துவரப்படுகிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்கள் அங்கேயே தங்கினார்கள். வெள்ளைத் தொழிலாளர்களோடு மெல்ல மெல்லச் சேர்ந்து வாழவும் பழகினார்கள். அந்த ஊரின் அணியில் பதின்மூன்று வயதில் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவராக, ஆடத் தொடங்கினார் கிளாக்ஸ்டன். அவர் இடக்கைக்காரர்; இடக்கைக்காரர்களைப் பொதுவாகக் கேட்சராக நிறுத்துவதில்லை. கைக்கு வந்த இடத்தில் நின்று ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட சிறுவன் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். பதினெட்டு வயதளவில் பிட்சராக மாறினார். அதன் பிறகு, வாரக் கடைசியில் ஆட்டம் பார்க்கக் கூடும் சிற்றூர்களின் அரைத்தொழில்முறை அணிகளில், அழைத்தவர்களுக்கெல்லாம் வீசினார்.

அப்படி வீசியவர்களுக்கு ஏன் அதற்கு மேல் வழியில்லை என்பதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல முடியாது. பேஸ்பாலில் கறுப்பர்கள் ஆடக் கூடாது என்று பெரிய லீகுகளின் விதிப் புத்தகம் எதிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. 1884-ல் டொலீடோ அணிக்காக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினக் கேட்சர் பெரிய லீகில் ஆடினார். 1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக்கின் உரிமையாளர்கள் கூடி, இனிமேல் கறுப்பின வீரர்களோடு புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்களித்தார்கள். பத்தாண்டு கழிவதற்குள் அந்த முடிவு நாடு முழுவதும் எழுதப்படாத உடன்படிக்கையாக உறைந்துவிட்டது. எழுதப்பட்ட விதியை எதிர்த்து வழக்காடலாம். எழுதப்படாத விதியை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? 'அப்படி எதுவும் இல்லையே, தகுதியானவர் யாரும் வரவில்லை' என்று உரிமையாளர்கள் அறுபது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருக்க அது வசதியாக இருந்தது.

நிறக்கோடு எனப்பட்ட அந்தத் தடைக்கோட்டில் சில இடங்களில் மட்டும் வண்ணம் மங்கியிருந்தது. அமெரிக்கப் பழங்குடி வீரர்கள் ஆட அனுமதிக்கப்பட்டார்கள். மினசோட்டாவின் ஓஜிப்வே இனத்தைச் சேர்ந்த சார்லஸ் ஆல்பர்ட் பெண்டர் பிலடெல்பியா அணியின் தலைசிறந்த பிட்சராக இருந்தார். கலிபோர்னியாவின் கவியா இனத்தைச் சேர்ந்த ஜான் மேயர்ஸ் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் கேட்சராக இருந்தார். பத்திரிகைகள் இருவரையும் 'சீஃப்', அதாவது 'குலத்தலைவன்', என்று அழைத்தன, பார்வையாளர்கள் போர்க்கூச்சல் எழுப்பிக் கேலி செய்தார்கள், ஆனால் ஆடவிட்டார்கள். 1911-ல் சின்சினாட்டி அணி ரஃபேல் அல்மெய்டா, அர்மாண்டோ மார்சான்ஸ் என்ற இரு கியூபர்களைச் சேர்த்தபோது, அவர்களின் குருதியில் ஐரோப்பியக் கலப்பு மட்டுமே உண்டு என்று ஊருக்கு மெய்ப்பிக்க அணி நிர்வாகம் பெரும்பாடுபட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1901-ல், ஜான் மெக்ரா என்ற புகழ்பெற்ற மேலாளர் சார்லி கிராண்ட் என்ற கறுப்பின வீரரை 'டோக்கோஹாமா' என்ற செரோக்கி இனத்தவர் என்று சொல்லித் தம் அணியில் சேர்க்க முயன்றார். சிகாகோவில் கிராண்டை அறிந்தவர்கள் அவரை ஆரவாரத்தோடு வரவேற்றதில் குட்டு வெளிப்பட்டது.

இதில் என்னை உறுத்தும் ஒன்று உண்டு. அமெரிக்கப் பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்தது 1924-ல்தான். கறுப்பர்களுக்கோ அரசமைப்பின் பதினான்காவது திருத்தம் 1868-லேயே குடியுரிமை தந்திருந்தது. ஆக, 1916-ல் ஒருவர், பலருக்குக் குடியுரிமைகூட இல்லாத இனத்தவர் என்று சொல்லிக்கொண்டால் பேஸ்பால் மைதானத்துக்குள் நுழையலாம். குடிமகன் என்று அரசமைப்பே எழுதிவைத்திருக்கும் இனத்தவர் என்றால் நுழைய முடியாது.

கிளாக்ஸ்டன் 1916-ல் ஓக்லாந்தில் இருந்தார். ஓக் லீஃப்ஸ் என்ற கறுப்பினத்தாரின் அரைத்தொழில்முறை அணியில் அவர் வீசிக்கொண்டிருந்தபோது, ஓக்லஹோமாவைச் சேர்ந்த, பழங்குடிக் கலப்புடைய ரசிகர் ஒருவர் அவரைத் தொடர்ந்து கவனித்து வந்தார். அவர்தாம் கிளாக்ஸ்டனை ஓக்லாந்து ஓக்ஸ் அணியின் நிர்வாகத்திடம் அழைத்துச்சென்று, இவர் என் இனத்தைச் சேர்ந்தவர் என்று அறிமுகப்படுத்தினார். தந்தை வழியில் பழங்குடிக் குருதி உண்டு என்று கிளாக்ஸ்டன் நம்பியதால், அதில் ஒரு பாதி உண்மை இருந்தது. மறுபாதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஓக்ஸ் அணி சாதாரண ஊர் அணி அல்ல. அன்று பெரிய லீகுகளின் மேற்கெல்லை செயின்ட் லூயிஸ் நகரத்தோடு முடிந்தது. பசிபிக் கரையை அவை எட்டியது 1958-ல், டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் அணிகள் நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தபோதுதான். அதுவரை மேற்குக் கரையின் மக்களுக்குப் பசிபிக் கோஸ்ட் லீக்தான் எல்லாமும். குளிர் குறைந்த பகுதி என்பதால் அதன் பருவம் நீளமானது. ஓர் அணி ஆண்டுக்கு இருநூறு ஆட்டங்களுக்கு மேலும் ஆடுவதுண்டு. அப்படியான லீகில் ஒரு பிட்சராகக் கையெழுத்திட்டார் கிளாக்ஸ்டன். வயது இருபத்து மூன்று.

மே 28 அன்று எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ். அந்த ஆண்டு லீகின் பட்டத்தை வென்றதும் அவர்கள்தாம். முதல் ஆட்டத்தைத் தொடங்கும் பொறுப்பு கிளாக்ஸ்டனுக்குக் கொடுக்கப்பட்டது. மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் அவரை மாற்றிவிட்டார்கள். இரண்டாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் மீண்டும் சிறிது நேரம் வீசக் கூப்பிட்டார்கள். இரண்டிலும் சேர்த்து அவர் பந்தில் எதிரணி எடுத்தது நான்கு ஹிட்டுகள், மூன்று ஓட்டங்கள். அவற்றில், சக வீரர்களின் பிழையால் வந்ததைக் கழித்து, அவர் கணக்கில் சேர்ந்தவை இரண்டு. பந்தை இலக்குக்குள் போட முடியாமல் சில மட்டையாளர்களுக்கு முதல் தளத்தை இலவசமாகவும் கொடுத்தார். கை சுழற்றி வீசும் விதம் அழகாக இருந்தது என்றும், ஆனால் முகத்தில் அச்சம் தெரிந்தது என்றும், பந்தில் போதிய வலு இல்லை என்றும் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று எழுதியது. அவரைக் குறிக்க அது பயன்படுத்திய சொல் 'செந்தோலன்', பழங்குடியினரை இழிவாகச் சுட்டும் சொல்.

முகத்தில் அச்சம் தெரிந்தது என்ற அந்த வரியை நான் பலமுறை படித்துவிட்டேன். எழுதியவர் கண்ணுக்கு அது ஒரு புதியவரின் மேடைக் கூச்சம். பெரிய கூட்டத்துக்கு முன் முதன்முதலாக வீசும் எவருக்கும் வரக்கூடிய பயம்தான் அது என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஓக் லீஃப்ஸ் அணியின் ஆட்டங்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒவ்வொரு முறை அவர் காலைத் தூக்கிக் கையைச் சுழற்றும்போதும், சார்லி கிராண்டுக்குச் சிகாகோவில் நேர்ந்ததைப் போல யாரோ ஒருவர் அன்பு மிகுதியால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. மட்டையாளரைப் பார்த்து மட்டும் பயப்படும் பிட்சர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அடுத்த சில நாள்களுக்குள் இரண்டு காரியங்கள் நடந்தன. ஸீ-நட் நிறுவனத்தின் புகைப்படக்காரர் வந்து ஓக்ஸ் வீரர்களைப் படமெடுத்தார்; கிளாக்ஸ்டனும் அவர்களோடு நின்றார். அவருடைய நண்பர் ஒருவர் அவர் குடும்பத்தில் கறுப்பினத்தவர் உண்டு என்பதை வெளியில் சொன்னார். ஜூன் 3 அன்று அவரை நீக்கிய அணி, காரணம் எதையும் அவரிடம் சொல்லவில்லை. தமக்கே தெரியும் என்பதால் அவரும் கேட்கவில்லை. முந்தைய ஆண்டு அவர் கறுப்பினத்தாரின் அணி ஒன்றில் வீசியவர் என்று ஒரு பத்திரிகை போகிற போக்கில் குறிப்பிட்டது. அத்தோடு செய்தி முடிந்தது.

அவர் நீக்கப்பட்டது நிறத்தால் அல்ல, வீச்சு போதாததால்தான் என்று வாதிட ஒருவருக்கு இடமுண்டு. ஒன்பது இன்னிங்ஸுக்கு 7.71 ஓட்டங்கள் என்ற சராசரியை எந்த மேலாளரும் விரும்ப மாட்டார். ஆனால் அந்த ஆண்டின் ஓக்ஸ் அணி என்ன நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோற்று, பட்டியலின் கடைசி இடத்தில் பருவத்தை முடித்த அணி அது. எல்லோரிடமும் அடி வாங்கிக்கொண்டிருந்த அந்த அணியில், பட்டம் வெல்லப்போகும் எதிரணிக்கு முன்னால் ஏழு பேரை ஆட்டமிழக்கச் செய்த ஓர் இடக்கை இளைஞருக்கு இன்னொரு வாரம் கொடுக்க முடியாமல் போனது திறமையைப் பற்றிய தீர்ப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. அணியின் மேலாளராக இருந்த ஹரால்ட் எலியட், தாம் நன்றாக வீசிக்காட்டும் வாய்ப்பே கிடைக்காதபடி பார்த்துக்கொண்டார் என்று கிளாக்ஸ்டன் முதுமையில் நினைவுகூர்ந்தார். எலியட்டின் தரப்பு நம்மிடம் இல்லை. ஆனால் ஒரு பிட்சரின் தகுதியை அறிய ஏழு பேர் போதுமா என்ற கேள்விக்குத் தரப்புகள் தேவையில்லை.

காட்டிக்கொடுத்த நண்பரைப் பற்றியும் யோசித்திருக்கிறேன். பொறாமையால் சொன்னாரா, பெருமையால் சொன்னாரா? நம்மவர் ஒருவர் ஓக்ஸ் அணிக்காக வீசுகிறார் தெரியுமா என்று மகிழ்ச்சி தாங்காமல் யாரிடமாவது சொன்ன ஒரு வார்த்தையும் இதே வேலையைச் செய்திருக்கும். மறைத்து வாழ்பவர்களுக்குப் பகைவரின் வாயும் நண்பரின் வாயும் ஒரே அளவு ஆபத்தானவை. தம் சொந்த மக்களைக் கூட்டத்தில் கண்டாலும் காணாதவர் போல் நிற்க வேண்டிய நிலையைத்தான் அந்த ஒப்பந்தம் அவருக்குக் கொடுத்திருந்தது.

பலர் எழுதும் கிளாக்ஸ்டன் கதை இங்கே முடிந்துவிடுகிறது. எனக்கு இதற்குப் பிந்தைய பகுதிதான் பெரிது. அவர் வீசுவதை நிறுத்தவே இல்லை. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, பேருந்திலும் ரயிலிலும் ஊர் ஊராகச் சென்று ஆடும் அணிகளிலும், தொழிற்சாலை அணிகளிலும், சிற்றூர் அணிகளிலும், கறுப்பினத்தாரின் அணிகளிலும் வீசினார். அன்றிருந்த நாற்பத்தெட்டு மாநிலங்களில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆடியிருப்பதாக அவர் சொல்வார். ஒரு மாநிலத்தின் ஓரத்தில், வைக்கோல் வெட்டிய வயலில் கோடு கிழித்து ஆடிய ஆட்டத்துக்குக் கணக்கு எழுதுபவர் யார்? காலையில் ஓர் ஊர், மாலையில் இன்னோர் ஊர் என்று ஆடிவிட்டு, கறுப்பர்களுக்கு அறை தராத ஊர்களில் வண்டியிலேயே உறங்கிய அணிகள் அவை. அந்த வாழ்க்கையில் அவர் வீசிய இன்னிங்ஸ்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பதிவாகி நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. மோசமாக வீசிய நாளை எழுதி வைத்தார்கள். நன்றாக வீசிய நாள்கள் பார்த்தவர்களோடு போய்விட்டன.

1920-ல் ரூப் ஃபாஸ்டர் கறுப்பின வீரர்களுக்கான நீக்ரோ நேஷனல் லீகைத் தொடங்கியபோது கிளாக்ஸ்டனுக்கு இருபத்தேழு வயது. அந்த லீகுகள் பெரும்பாலும் சிகாகோ, கன்சாஸ் சிட்டி, பிட்ஸ்பர்க் போன்ற நகரங்களைச் சுற்றி இயங்கின; அவரோ பசிபிக் கரையின் மனிதர். 1932-ல்தான், நாற்பதை நெருங்கும் வயதில், ஈஸ்ட்-வெஸ்ட் லீகில் கியூபன் ஸ்டார்ஸ் அணிக்காகச் சில ஆட்டங்களில் வீசினார். அந்த லீக் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் தொடங்கி, முதல் பருவத்தையே முழுதாக முடிக்க முடியாமல் கலைந்துபோனது. ஓக்லாந்தில் பழங்குடி இனத்தவர் என்று சொல்லி ஆடியவர், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் கியூபன் என்ற பெயர் தாங்கிய அணியில் ஆடினார். கனடாவில் பிறந்து, டக்கோமாவில் வளர்ந்து, இரண்டு முறையும் வேறோர் இடத்தின் பெயரை அணிந்துகொண்டுதான் அவர் மேடேற முடிந்தது.

1946 ஏப்ரல் 18 அன்று கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் கனடாவின் மான்ட்ரியல் ராயல்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். நவீன காலத்தில் நிறக்கோட்டை உடைத்த முதல் ஆட்டம் அது; அடுத்த ஆண்டு அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார். கனடா நகரம் ஒன்று ராபின்சனுக்கு முதல் இடம் கொடுத்ததைப் படிக்கும்போதெல்லாம், கனடாவில் பிறந்தவர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே கோட்டைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டு வெளியேற்றப்பட்டதும் எனக்கு நினைவுக்கு வரும். பசிபிக் கோஸ்ட் லீக் 1948-ல் சான் டியேகோ அணியின் ஜான் ரிச்சியை முதல் கறுப்பின வீரராக வரவேற்றது. ஓக்லாந்து ஓக்ஸ் 1949-ல் ஆர்ட்டி வில்சனைச் சேர்த்துக்கொண்டது. வில்சன் தாம் யார் என்பதை மறைக்க வேண்டியிருக்கவில்லை. அவரைப் போன்றவர்களை 'முதல்வர்' என்று செய்தித்தாள்கள் எழுதியபோது, கிளாக்ஸ்டனுக்கு ஐம்பத்தைந்து வயதளவில் இருந்தது. தாமும் ஒருவர் உண்டு என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தவராக அவர் தெரியவில்லை.

ராபின்சனோடு அவரை ஒப்பிட்டு, யார் முதல் என்று வழக்காட எனக்கு விருப்பமில்லை. ராபின்சன் தம் முகத்தோடும் பெயரோடும் உள்ளே போனார். பின்னால் வந்தவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. கிளாக்ஸ்டன் வெளியேறியதும் கதவு முன்பைவிட இறுக மூடப்பட்டது. முதலாவதாக இருந்தும் எவருக்கும் வழியாக முடியாமல் போனதுதான் அவருடைய இழப்பு என்று நினைக்கிறேன். அந்த இழப்புக்கு அவர் பொறுப்பல்லர். ஒருவர் ஆட்டம் ஆடப் போகிறார் என்றால் ஆட்டம் ஆடத்தான் போகிறார். வரலாற்றைத் திருத்தும் கடமையையும் அவர் தோளில் ஏற்றுவது அந்த இடக்கைக்கு நாம் செய்யும் இன்னோர் அநீதி.

முதுமையில் டக்கோமாவில் அவர் வாழ்ந்துகொண்டிருந்தபோது உள்ளூர்ப் பத்திரிகை அவரைத் தேடிச்சென்று பேசியது. 1969-ல் டக்கோமா-பியர்ஸ் வட்டாரத்தின் விளையாட்டுப் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. உயிரோடு இருக்கும்போது ஊர் அவரை அழைத்து மரியாதை செய்தது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல் உண்டு. அடுத்த ஆண்டு, 1970 மார்ச் 3 அன்று, எழுபத்தேழாம் வயதில் அவர் இறந்தார். 2020 டிசம்பரில், 1920-க்கும் 1948-க்கும் இடைப்பட்ட ஏழு நீக்ரோ லீகுகளைப் பெரிய லீகுகளாக மேஜர் லீக் பேஸ்பால் அறிவித்தது; ஒரு பருவத்தைக்கூட முழுதாகத் தாண்டாத ஈஸ்ட்-வெஸ்ட் லீகும் அந்த ஏழில் ஒன்று. அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நாற்பது வயதை நெருங்கிய ஒரு பிட்சர் 1932-ல் வீசிய சில இன்னிங்ஸ்கள் பெரிய லீக் கணக்கில் வந்து சேர்ந்தன.

ஸீ-நட் அட்டைகளைச் சேகரிப்பவர்களுக்கு இன்று கிளாக்ஸ்டன் அட்டை கிடைப்பதற்கரியது. ஏலத்துக்கு வந்தால் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். நிறுவனம் அதை அச்சிட்டுப் பொட்டலங்களுக்குள் போட்டு அனுப்பியபோது, படத்திலிருப்பவர் ஓக்ஸ் அணியை விட்டுப் போயிருந்தார். ஒன்றிரண்டு ஆட்டங்களில் வந்துபோன ஒருவரின் முகத்தை ஓக்லாந்துப் பிள்ளைகள் அடையாளம் கண்டிருக்கவும் வழியில்லை. ஆனாலும் 1916-ல் பொட்டலத்தைப் பிரித்த யாரோ சிலர், அப்படி ஒருவர் அணியில் இல்லவே இல்லை என்று ஆன பிறகும், அந்த அட்டையைக் கீழே போடாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள்.